உருளைக்கிழங்கும் குறியீட்டுக்காரரும்

சாந்தால் அக்கர்மன் என்னும் பெல்ஜிய நெறியாளர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ழான் டீல்மன், 23 கே து கொமேர்ஸ், 1080 புறூசெல்’ என்னும் திரைப்படத்திலே, நடுத்தர வயதுடைய விதவை ஒருத்தி சமையலறை மேசையின் முன் அமர்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறாள். கமரா அசைவதில்லை; சங்கீதம் இல்லை. அவள் சீவிக்கொண்டேயிருக்கிறாள், நாமும் பார்த்துக்கொண்டேயிருக்கிறோம். காட்சி அவ்வளவே. ஆயின் அதனை அவ்வளவாகவே விட்டுவிட நம் விமரிசகர்க்கு மனம் வருவதில்லை. தோல் என்பது அவள் தன் உள்ளத்தின்மேற் போர்த்திய உறையாம். கிழங்கோ மண்ணின் பிள்ளை. ஆதலால் அது தாய்மையின் சின்னமாம். கத்தியைப் பற்றி அவர்கள் கூறுவனவற்றை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. இவ்வாறே சூப்புப் பாத்திரம் கருப்பையாகிறது. மின்விளக்கின் சுவிச்சு பிரக்ஞையாகிறது. சட்டைப் பொத்தான் மறைந்த கணவனாகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் எஞ்சுவது ஒன்றுதான்: அங்கே ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்பது. அதனை மாத்திரம் எவரும் காணவில்லை.

இது விமரிசனமன்று, ஒளிப்பு வேலை என்பது நமது கருத்து. பொருள்களுக்கு ஆழம் கற்பிப்பது போலத் தோன்றும் இம்முயற்சி, உண்மையில் அப்பொருள்களிற் பதிந்துள்ள உழைப்பை அழித்துவிடுகிறது. அதனாலேயே இதனை எதிர்த்து எழுதவேண்டியுள்ளது. இல்லாவிடின், வேலையற்றவர் விளையாட்டென்று விட்டிருப்போம்.

படத்தைப் பார்த்திராத வாசகர்க்காகச் சில செய்திகள். அக்கர்மன் 1950இல் பிரசல்ஸ் நகரிலே போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். இப்படத்தை எடுக்கும்போது அவருக்கு இருபத்தைந்து வயதும் நிறையவில்லை. ஒளிப்பதிவு பபெட் மங்கோல்ற், படத்தொகுப்பு பத்ரீசியா கனினோ. படக்குழுவிற் பெரும்பாலோர் பெண்கள். தலைமைப் பாத்திரத்தில் நடித்தவர் டெல்பின் செய்ரிக். ஆலன் றெனேயின் ‘மரியன்பாட்டிற் சென்ற ஆண்டு’ என்ற 1961ஆம் ஆண்டுப் படத்திலே இறகு பதித்த ஆடைகளில் உலவிய அதே நடிகை இங்கே கட்டம் போட்ட வேலைச்சட்டை அணிந்து குளியற்றொட்டியைத் தேய்க்கிறார். படம் 201 நிமிடம் ஓடுவது. 1975 மே மாதத்திலே கான் விழாவின் நெறியாளர் பகுதியிற் காட்டப்பட்டபோது, பார்வையாளர் பலர் ஆசனங்கள் சத்தமிட எழுந்து வெளியேறினர் என்று அக்கர்மனே பின்னாளிற் கூறியிருக்கிறார்.

கதை செவ்வாய் தொடங்கி வியாழன் முடிய மூன்று நாள்களில் நிகழ்கிறது. ழான் என்பவள் தன் மகன் சில்வேனுடன் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறாள். கணவன் இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன. விடியற்காலையில் எழுகிறாள். மகனின் சப்பாத்துக்கு மெருகிடுகிறாள், கோப்பி வடிக்கிறாள், மகனை அனுப்புகிறாள், படுக்கையை மடிக்கிறாள், கடைகளுக்குப் போகிறாள், அண்டைவீட்டுக்காரியின் கைக்குழந்தையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்கிறாள், இரவுச் சாப்பாட்டுக்கு ஆயத்தம் செய்கிறாள். பிற்பகலில் ஒரு குறித்த நேரத்தில் வாயில்மணி ஒலிக்கிறது. நாளுக்கு ஓர் ஆண் வருகிறான். படுக்கையறைக் கதவு மூடப்படுகிறது. போகும்போது பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அப்பணம் சாப்பாட்டு மேசையின்மேல் இருக்கும் மூடியிட்ட பீங்கான் சூப்புப் பாத்திரத்தினுள் இடப்படுகிறது. பின்னர் அவள் சாளரத்தைத் திறந்து, படுக்கைமேல் விரித்த துவாயை எடுத்துவிட்டுக் குளிக்கச் செல்கிறாள். மகன் வருகிறான், சூப் பரிமாறப்படுகிறது.

முதலில் அந்தச் சூப்புப் பாத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். குறியீட்டுக்காரர் அதிகம் கைவைத்தது அதிலேதான். மூடியுள்ளது, குழிவானது, வெள்ளையானது, ஆகவே பெண்ணுடல் என்பது அவர்கள் முடிபு. நாம் கேட்கிறோம்: அப்பாத்திரத்தினுள் இருப்பது என்ன? காசு. அக்காசு எங்கிருந்து வந்தது? படுக்கையறையிலிருந்து. எங்கே போகிறது? கசாப்புக்கடைக்கும், மளிகைக்கடைக்கும், மகனின் கைச்செலவுக்கும் போகிறது. விருந்தினருக்குச் சூப் பரிமாறுவதற்கென்று மத்தியதர வீடுகளிற் காட்சிக்கு வைக்கும் ஒரு பாத்திரம், அக்குடும்பத்தின் மரியாதை எந்த உழைப்பினால் நிலைநிற்கிறதோ அந்த உழைப்பின் கூலியை ஒளித்துவைக்கும் பெட்டியாகியிருக்கிறது. இதைவிடத் தெளிவான பொருளாதார உண்மையை ஒரு கலைஞர் எவ்வாறு காட்டமுடியும்? அந்தப் பாத்திரம் மேசையின் நடுவிலே இருக்கிறது. தாயும் மகனும் அதன் பக்கத்தில் அமர்ந்து உண்கின்றனர். மகன் அதனைத் திறந்து பார்ப்பதில்லை, கேட்பதுமில்லை. கணக்குப் புத்தகமொன்று மேசைமேற் கிடக்க, அதனைக் கருப்பை என்று வியாக்கியானம் செய்வோர்க்குக் கணக்குப் பார்க்கும் தேவை வாழ்க்கையில் ஏற்பட்டதில்லை போலும்.

மின்விளக்குச் சுவிச்சின் கதையும் இதுவே. ழான் ஓர் அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். அடுத்த அறைக்குட் புகும்போது விளக்கை ஏற்றுகிறாள். சமையலறையில் மறந்த ஒரு கரண்டியை எடுக்க அரை நிமிடம் திரும்பினாலும் ஏற்றுவதும் அணைப்பதும் தவறுவதில்லை. ஒளி அறிவு என்றும் இருள் நனவிலி என்றும் பிராய்டின் சீடர்கள் இதற்கு உரை எழுதுகின்றனர். ஒரே வருவாயில் வீடு நடத்தும் எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள். மின்சாரக் கட்டணம் என்று ஒரு வார்த்தையிற் பதில் சொல்லிவிடுவாள். சிக்கனம் நாளடைவிற் பழக்கமாகி, பழக்கம் உடம்பின் விதியாகி, விதி இறுகி அவளையே கட்டிவிடும் கதையைத்தான் அந்தச் சுவிச்சின் ‘டக்’ என்ற ஓசை மூன்று மணி நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதிலே உளவியல் இல்லையென்று நாம் கூறவில்லை. உளவியல் எங்கிருந்து தொடங்குகிறது என்பதையே கூறுகிறோம்.

இனி உருளைக்கிழங்குக்கு வருவோம். இப்படத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

முதல் நாளில் மணி ஒலிக்கும் முன்னரே கிழங்கு அடுப்பில் ஏற்றப்பட்டிருக்கிறது. வந்தவன் போகும் நேரமும் கிழங்கு வேகும் நேரமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அவன் போனதும் அவள் அடுப்பண்டை வருகிறாள்; கிழங்கு பதமாக வெந்திருக்கிறது. ஓர் உழைப்பின் நேரத்தினுள்ளே இன்னோர் உழைப்பு அடக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலை முகாமையாளர்கள் நிறுத்தற்கடிகாரம் கையிற் பிடித்துப் பல ஆண்டுகள் முயன்று கண்ட இந்தச் சிக்கனத்தை, அவள் எவருடைய மேற்பார்வையும் இன்றித் தானே கண்டிருக்கிறாள். கிழங்கு அவளுடைய கடிகாரம். அதனைக் குறியீடு என்று அழைப்பது கடிகாரத்தைக் காலத்தின் குறியீடு என்று கூறி, மணி எத்தனை என்று பார்க்க மறுப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் நாள் ஏதோ பிசகுகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது நமக்குக் காட்டப்படவில்லை. நாம் அறிவதெல்லாம், அவள் வெளியே வரும்போது தலைமயிர் சற்றுக் கலைந்திருக்கிறது. சூப்புப் பாத்திரத்தின் மூடி மூடப்படாமல் விடப்படுகிறது. கிழங்கு அளவுக்குமேல் வெந்து குழைந்துபோயிருக்கிறது. அவ்வளவுதான். ஆயினும் அந்தப் பானையைக் கையிலேந்திக்கொண்டு அவள் வீட்டினுள் அங்குமிங்கும் அலையும் சில கணங்களைப் போலப் பயங்கரமான காட்சியைப் போர்ப்படங்களிலும் நாம் கண்டதில்லை. பானையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுடைய நாளிலே குழைந்த கிழங்குக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை! குழைந்ததை மசிக்கலாமே என்று நம்மில் எவருக்கும் தோன்றும். அவளுக்கு அது இயலாது; இன்றைய சாப்பாடு இன்னதென்று முன்னரே வகுத்தாயிற்று. ஆகவே கிழங்கு கொட்டப்படுகிறது. வேறு கிழங்கு வாங்க மீண்டும் கடைக்குப் போகவேண்டியிருக்கிறது. மீண்டும் தோல் சீவவேண்டும், மீண்டும் வேகவைக்கவேண்டும். இம்முறை அவள் சீவும்போது கை சில வேளை நின்றுவிடுகிறது, சில வேளை விரைகிறது. மகன் வருகிறான், தாயின் தலை கலைந்திருப்பதைச் சுட்டுகிறான். சாப்பாடு பிந்துகிறது. சூப்புக்கும் அடுத்த உணவுக்கும் இடையில் இருவரும் காத்திருக்கின்றனர்.

இதிலே எதனை எதன் குறியீடு என்று கொள்வது? ஒரு காரணம், அதன் விளைவு, அவ்விளைவின் விளைவு என்று சங்கிலி தெளிவாக ஓடுகிறது. ஓய்வுக்கோ தவறுக்கோ ஒரு நிமிடமும் மிச்சம் வைக்காத உழைப்பு முறையிலே பத்து நிமிடம் தவறினால் எல்லாம் சரிந்துவிடும் என்பதை அக்கர்மன் காட்டுகிறார். இயந்திரத்தின் பட்டியிலே ஒரு பல் தேய்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஆலைத் தொழிலாளி அறிவான். சமையலறையிலும் அதுவே நடக்கிறது.

மூன்றாம் நாளில் சப்பாத்துத் தூரிகை கைதவறி விழுகிறது. கழுவிய கரண்டி ஒன்று தரையில் விழுகிறது. தபாற்கந்தோருக்கு நேரத்தோடு போய்விடுகிறாள், கதவு மூடியிருக்கிறது. கோப்பி வாய்க்குச் சரிப்படவில்லை. சீனி இடுகிறாள், பாலை மாற்றுகிறாள், கொட்டிவிட்டுப் புதிதாக வடிக்கிறாள். மகனின் கோட்டில் ஒரு பொத்தான் குறைகிறது. கனடாவிலிருந்து தங்கை அனுப்பிய கோட்டு ஆதலால், பிரசல்ஸ் கடைகளில் அதற்கு இணையான பொத்தான் கிடைப்பதில்லை. கடை கடையாக ஏறி இறங்குகிறாள். வழமையாகச் சென்று அமரும் கோப்பிக்கடையில் அவளது இருக்கையில் வேறொருத்தி இருக்கிறாள்; தெரிந்த பரிசாரகி வேலை முடிந்து போய்விட்டாள். குழந்தையைத் தூக்கினால் அது வீறிட்டு அழுகிறது.

ஒரு கரண்டி விழும்போது நம் நெஞ்சு ஏன் திடுக்கிடுகிறது என்பதை ஆராய்ந்தால் குறியீட்டுக்காரரின் தவறு எங்கே உள்ளதென்பது புலப்படும். கரண்டிக்கு மறைபொருள் ஏதும் இருப்பதால் நாம் திடுக்கிடவில்லை. இரண்டு நாள்களாக அவள் வேலையைக் கூடவிருந்து கற்றுவிட்டோம். அவள் கை எதையும் நழுவவிடாதென்பது நமக்குத் தெரியும். நீண்டநாள் ஓர் இயந்திரத்தருகே நின்றவன், ஓசையிற் சிறு மாற்றம் கேட்டதும் தலைநிமிர்வதில்லையா? அத்தகைய அறிவு அது. இவ்வறிவைப் பெறுவதற்குத்தான் 201 நிமிடம் வேண்டியிருக்கிறது. இப்படத்தைச் சுருக்கி எழுதும் கட்டுரைகள் (நமது இக்கட்டுரையும் அடங்கலாக) அதனைத் தரமுடியாது. படம் நீளமென்று முறையிடுவோர், கிழங்கு சீவும் நேரம் நீளமென்று என்றேனும் முறையிட்டதுண்டா என்று கேட்க விரும்புகிறோம்.

இக்குறியீட்டு மோகம் எங்கிருந்து வருகிறது? சமையலறையைக் கண்டு கூசும் மனோபாவத்திலிருந்து வருகிறதென்பதே நமது எண்ணம். கிழங்கும் கழுவுதொட்டியும் ‘கீழான’ விடயங்கள்; அவற்றை அவ்வாறே பேசுவது விமரிசகரின் பதவிக்குத் தகாது; ஆகவே அவற்றை ஆன்மா, மரணம், இன்மை என்று உயர்ந்த சாதிப் பெயர்களுக்கு மாற்றிய பின்னரே நடுவீட்டுக்குள் அனுமதிக்கவேண்டும். திரையிலே முத்தமும் மோட்டார் விபத்தும் மேலிடத்திலும், பாத்திரம் கழுவுதல் கீழிடத்திலும் வைக்கப்பட்டிருக்கும் வரிசையைக் குலைப்பதே தம் நோக்கமென்று அக்கர்மன் பேட்டிகளிற் கூறியவர். தாயும் மாமியரும் வீட்டில் நாள்தோறும் செய்யக்கண்ட அசைவுகளுக்கே இப்படத்தை அளித்தார். அவர் கவனமாகக் கீழே இறக்கிவைத்ததை நம்மவர் மீண்டும் மேலே தூக்கிவைத்து மாலையிடுகின்றனர்.

இது புதிய நோயன்று. வித்தோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்’ படத்தில் வரும் சைக்கிளின் பெயர் ‘பிடெஸ்’ என்பது. இலத்தீனில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். இதனைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில், படம் முழுவதையும் நம்பிக்கையிழந்த மனிதனின் ஆன்மீகத் தேடலாக்கிவிட்டோர் உளர். டி சிக்கா அப்பெயரை வேண்டுமென்றே வைத்திருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் சைக்கிள் இருந்தாற்றான் சுவரொட்டி ஒட்டும் வேலை, சைக்கிளை மீட்பதற்காகப் படுக்கை விரிப்புகள் அடகுக்கடைக்குப் போயின என்பதை மறந்தவனுக்கு இலத்தீன் தெரிந்து என்ன பயன்? அதே நெறியாளரின் 1952ஆம் ஆண்டுப் படமான ‘உம்பேர்த்தோ டி’யில் வேலைக்காரச் சிறுமி அதிகாலையிலே சமையலறைக்கு வந்து கோப்பிக்கொட்டை அரைக்கும் காட்சி உண்டு. இருந்த இடத்திலிருந்து காலை நீட்டிக் கதவைத் தள்ளிச் சாத்துவாள். பிரெஞ்சு விமரிசகர் அந்திரே பசான் அக்காட்சியை வியந்து எழுதினார். நிகழ்வதை நிகழும் நேரத்தின் நீளத்தோடு காட்டியதே அதன் பெருமையென்று கண்டவர் அவர். அச்சிறுமிக்குச் சில நிமிடங்களே கிடைத்தன; அக்கர்மன் ழானுக்கு முழுப்படத்தையும் கொடுத்தார்.

பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் ‘சைட் அன்ட் சவுண்ட்’ சஞ்சிகை பத்தாண்டுக்கொருமுறை எல்லாக் காலத்துக்குமுரிய சிறந்த படமெதுவென்று விமரிசகர்களிடம் வாக்கெடுப்பது வழக்கம். 1952இல் நடந்த முதல் வாக்கெடுப்பிலே முதலிடம் பெற்றது ‘சைக்கிள் திருடர்’. 2022இல், 1,639 பேர் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது ‘ழான் டீல்மன்’. பெண் ஒருவர் நெறிப்படுத்திய படம் அவ்விடத்துக்கு வந்தது அதுவே முதற்றடவை. பட்டியல்களில் நமக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. கலை குதிரைப் பந்தயமன்று. ஆயினும் அவ்வேளை எழுந்த கூச்சல் கவனிக்கத்தக்கது. இது கலைத் தீர்ப்பன்று, அரசியற் தீர்ப்பு என்றனர். பணக்காரப் பத்திரிகை முதலாளி ஒருவனின் வாழ்க்கையைக் கூறும் ‘சிட்டிசன் கேன்’ 1962 முதல் 2002 வரை ஐந்து வாக்கெடுப்புகளில் முதலிடத்தில் இருந்தபோது அது அரசியலென்று இவர்களுக்குத் தோன்றவில்லை. அடுப்படி முதலிடத்துக்கு வந்ததும் அரசியல் ஞாபகம் வந்துவிட்டது.

எதிரணியை மாத்திரம் சாடிவிட்டு ஓய்ந்தால் நாம் நேர்மையாளராகோம். நம் முகாமிலும் இப்படத்தை முகஞ்சுளித்து ஒதுக்குவோர் உளர். ஐரோப்பிய மத்தியதர வர்க்க விதவையின் வீட்டுக்கவலை, இதிலே போராட்டம் எங்கே, கூட்டு வாழ்க்கை எங்கே, கொடி எங்கே என்பது அவர்கள் கேள்வி. இவர்கள் தம் ஆசான்களின் நூல்களையே சரிவரப் படிக்கவில்லை என்று கூறவேண்டியிருக்கிறது. ஏங்கல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றம் பற்றி எழுதியபோதே, வீட்டு வேலை சமூக உற்பத்தியினின்று பிரிக்கப்பட்டுத் தனிப்பட்ட ஊழியமாக்கப்பட்டதைப் பெண்ணடிமையின் அடிப்படையாகக் காட்டினார். லெனின் 1919இல் ‘ஒரு மாபெரும் தொடக்கம்’ என்ற பிரசுரத்திலே, சட்டங்கள் மாறிய பின்னரும் பெண்ணை நசுக்கி மழுக்கடிப்பது சமையலறையின் சில்லறை வேலையே என்று வெளிப்படையாக எழுதினார். வீட்டில் மனைவி வைத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே, சமையலறையிற் போராட்டம் இல்லையென்று எழுதும் தோழர்களுக்கு இந்நூல்களை நினைவூட்டுகிறோம்.

அக்காலச் சூழ்நிலையும் மறக்கத்தக்கதன்று. வீட்டு வேலைக்குக் கூலி என்ற இயக்கம் 1972இல் இத்தாலியின் பாதுவா நகரில் மரியாறோசா தல்லா கொஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா பெதெரீச்சி முதலியோராற் தொடங்கப்பட்டது. கருச்சிதைவு தண்டனைக்குரிய குற்றமாயிருந்த பிரான்சிலே, 1971இல், தாம் அதனைச் செய்துகொண்டதாகப் பகிரங்கமாகக் கையெழுத்திட்ட 343 பெண்களில் டெல்பின் செய்ரிக்கும் ஒருவர். 1975 ஐக்கிய நாடுகள் சபை அனைத்துலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்த ஆண்டு. அவ்வாண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஐஸ்லாந்து நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அலுவலகத்திலும் வீட்டிலும் வேலைசெய்ய மறுத்து வீதிக்கு வந்தனர். தந்தையர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. இலகுவிற் சமைக்கத்தக்க சொசேஜ் கடைகளில் விற்றுத் தீர்ந்ததென்பர். அந்தச் சொசேஜ் எதன் குறியீடு என்று நம் விமரிசகர் விளக்குவார்களாக!

ழானின் இன்னொரு தொழிலைப்பற்றி நம்மவர் பேசாமலே விட்டுவிடுகின்றனர். கூச்சம் போலும். ஆயின் அக்கர்மன் கூசவில்லை, மிகைப்படுத்தவுமில்லை. மணி ஒலித்தால் கதவு திறத்தல், வந்தவனின் தொப்பியையும் கோட்டையும் வாங்குதல், அறைக்கு அழைத்துச் செல்லல், பணம் வாங்குதல், வழியனுப்புதல் ஆகிய யாவும் இறைச்சிக்கு மாத்தூவுவது போன்ற அதே ஒழுங்கிலும் அதே முகத்தோடும் நடைபெறுகின்றன. மறுமணம் செய்யக்கூடாதா என்று தங்கை கடிதத்திற் கேட்கிறாள். கூலியில்லாத வீட்டு வேலையைக் கூலியுள்ள உடல் வேலை தாங்குகிறது, இரண்டுக்கும் மதிப்பில்லை. வேலையை ஓர் அட்டவணையில் ஏற்றி, இது புனிதம், அது பாவம் என்று கோடு கிழிக்காமல் வரிசையாகக் காட்டியதே இப்படத்தின் துணிவு. அட்டவணையின் கண்ணுக்கு எல்லாம் நேரமே.

பொருள்களிற் பொருளே இல்லையா, எல்லாம் சடமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அக்கர்மனின் தாய் நதாலியா ஔஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவர். தாயின் பெற்றோர் அங்கேயே மாண்டனர். தாய் அதுபற்றிப் பேச விரும்பியதில்லை. வீட்டின் பழைய மதச்சடங்குகள் மறைந்த இடத்தை அன்றாட ஒழுங்கு பிடித்துக்கொண்டதென்று அக்கர்மன் கூறியிருக்கிறார். ஒவ்வொரு பொருளும் தன் இடத்தில் இருந்தால், நினைக்கக்கூடாததை நினைக்க நேரம் இராது. இதனை அறிந்தபின் ழானின் கைகளைப் பார்ப்பது வேறோர் அனுபவம் என்பதை ஒப்புகிறோம். ஆயினும் இங்கும் கரண்டி முகாமின் குறியீடாகிவிடவில்லை. கரண்டியைத் துடைத்து இழுப்பறையில் வைப்பதனால் ஒரு பெண் எதனைத் தடுத்து நிறுத்துகிறாள் என்பது வேறு கேள்வி. அது செய்கையைப் பற்றிய கேள்வி. குறியீட்டுக்காரர் பொருளைப் பார்க்கிறார். பொருளைப் பிடித்த கையைப் பார்ப்பதில்லை. 2015இல், தம் மரணத்துக்குச் சிறிது முன்னர் வெளியிட்ட கடைசிப் படத்திலும் அக்கர்மன் தாயின் பிரசல்ஸ் வீட்டுச் சமையலறைக்கே திரும்பிச் சென்றார்.

செய்ரிக் இப்பாத்திரத்துக்குப் பழகிய விதம் ஒரு சான்று. படப்பிடிப்பின்போது நடிகர் சாமி பிரே எடுத்த ஒளிநாடா பின்னர் ஓர் ஆவணப்படமாக வெளிவந்தது. அதிலே செய்ரிக் இந்த அசைவு எவ்வளவு வேகம், இதற்கும் அதற்கும் இடையில் எவ்வளவு நேரம், அப்போது என்ன நினைக்கிறேன் என்று கேட்டுக் கேட்டு வாதாடுகிறார். இளம் நெறியாளர் பல வேளைகளில் அசைவைப் பற்றி மாத்திரம் பதில் சொல்கிறார். உள்ளே என்னவென்று தேடிய தேர்ந்த நடிகை, கடைசியில் வேலையைச் செய்யக் கற்றுக்கொண்டபோது, உள்ளே இருந்தது தானே வெளிவந்தது.

இனிக் கத்தரிக்கோல். மூன்றாம் நாளிற் கனடாவிலிருந்து தங்கையின் பொதி வருகிறது. கட்டை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும், சமையலறையிலிருந்து எடுத்துவருகிறாள். பொதியினுள் ஓர் இரவுச்சட்டை. அதற்குள் மணி ஒலித்துவிடுகிறது. எதனையும் அதனதன் இடத்தில் வைக்காமல் விடாதவள், கத்தரிக்கோலைப் படுக்கையறையிலே விட்டுவிடுகிறாள். அன்று முதன்முறையாகக் கமரா அறையினுட் செல்கிறது. அவளது உடம்பு, அவள் வகுத்த ஒழுங்குக்கு அடங்காமல், தனக்கென்று ஓர் உணர்ச்சியைக் காட்டிவிடுகிறது. பின்னர் எழுந்து உடுத்துக்கொள்கிறாள். ஒப்பனை மேசைக் கண்ணாடியிலே அது நமக்குத் தெரிகிறது. கத்தரிக்கோலை எடுத்துப் படுத்திருப்பவனின் கழுத்திற் குத்துகிறாள்.

இக்கொலையைப் பற்றி நமக்கும் ஐயம் உண்டு. அதுவரை எந்த ‘நாடகச் சம்பவமும்’ வேண்டாமென்று நின்ற படம், கடைசியில் ஒரு பிணத்தைத் தந்து பழைய நாடக முறைக்குச் சலுகை காட்டிவிட்டதோ என்று தோன்றுவதுண்டு. கொலையும் கிழங்கு சீவுதல் போன்ற ஒரே நிதானத்தோடு எடுக்கப்பட்டிருப்பது இவ்வையத்தைக் குறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. விடுதலைச் செயல் என்று கொண்டாடுவோரோடும் நாம் உடன்படமாட்டோம். தனியொருத்தி தனியொருவனைக் கொல்வதால் எந்த அட்டவணையும் மாறிவிடுவதில்லை. ஆயின் கத்தரிக்கோலை ஆணுறுப்பென்று எழுதுவோர் கவனிக்க மறந்தது ஒன்று. வேறெந்த நாளிலாயினும் அது அங்கே இருந்திராது. நேரம் போதாமையினால் அது அங்கே இருந்தது. முதல் நாள் குழைந்த கிழங்கிலிருந்து இக்கத்தரிக்கோல் வரை இழை அறாமல் வருகிறது.

அதன்பின் ஏறக்குறைய ஏழு நிமிடம் அவள் சாப்பாட்டு மேசையருகே இருட்டில் அமர்ந்திருக்கிறாள். கையிலும் சட்டையிலும் இரத்தம். வெளியே தெருவிலுள்ள நியோன் விளக்கின் நீல ஒளி சுவரில் விழுந்து விழுந்து மறைகிறது. சூப்புப் பாத்திரம் பக்கத்தில் இருக்கிறது. மூன்று நாள்களிலும் அவள் ஒன்றும் செய்யாமல் இவ்வளவு நேரம் இருக்க நாம் கண்டதில்லை. அந்நீல ஒளி எதனைக் குறிக்கிறதென்று பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளது. நாம் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. அன்று பிற்பகல் அவள் பிசைந்துவைத்த இறைச்சி சமையலறையில் இருக்கிறது, விளக்கு ஏற்றப்படவில்லை, மகன் வரும் நேரமாகிறது.